முதல் உறைபனிக்கு முன்: கோடை முடிவில் வீட்டுப் பண்ணைத் தோட்டம்

குளிர்காலத்தில் தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிரும் எந்த நாட்டிலும், காய்கறித் தோட்டத்தின் ஆண்டு இரண்டு இரவுகளுக்கு நடுவில் அடங்கிவிடுகிறது. வசந்தத்தில் கடைசி உறைபனி விழும் இரவு ஒன்று. கோடை கழிந்து முதல் உறைபனி விழும் இரவு மற்றொன்று. இடைப்பட்ட நாட்களைத்தான் சாகுபடிப் பருவம் என்கிறோம். வட அரைக்கோளத்தின் மிதவெப்பப் பகுதிகளில் முதல் உறைபனி பெரும்பாலும் செப்டம்பருக்கும் நவம்பருக்கும் இடையில் வருகிறது. தென் அரைக்கோளத்தில் ஏப்ரலிலிருந்து ஜூன் வரை அதை எதிர்பார்க்கலாம். வீட்டை ஒட்டிய நிலத்தில் தனக்கு வேண்டியதை விளைவித்து, அதில் ஒரு பங்கைக் குளிர்காலத்துக்கும் எடுத்து வைக்க நினைப்பவருக்கு இந்த இரண்டாவது இரவே பெரிது. வசந்தத்தில் ஒரு நாற்று கருகினால் வேறொரு நாற்றை நட்டுக்கொள்ளலாம். கோடை முடிவில் கருகும் செடியிலோ நான்கு மாத உழைப்பு காயாகத் தொங்கிக்கொண்டிருக்கும்.

அந்த இரவுக்கான முடிவுகளை எடுக்க வேண்டிய நேரத்தில் தோட்டம் எந்த முன்னறிவிப்பும் தருவதில்லை என்பதுதான் சங்கடம். ஆகஸ்ட் மாதத்தில் தக்காளி காய்த்துக் குலுங்குகிறது, பூசணிக்கொடி நடைபாதையை அடைத்துக்கொண்டு ஓடுகிறது, பகல் வெயில் சுட்டெரிக்கிறது. அப்போது குளிரைப் பற்றி எண்ணுவது தேவையற்ற கவலையாகத் தோன்றும். ஆனால் இலையுதிர் காலத்தில் பறிக்க வேண்டிய கீரையை அப்போதே விதைத்தாக வேண்டும். எந்தப் பூவைக் காயாக விடுவது, எதைக் கிள்ளுவது என்பதையும் அப்போதே முடிவு செய்தாக வேண்டும். இனி வரும் மாதக் கணக்குகள் வட அரைக்கோளத்துக்கு உரியவை; தெற்கே இருப்பவர்கள் ஆறு மாதத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

சராசரி நாள் எதைச் சொல்கிறது

முதல் உறைபனி நாளை வானிலைத் துறைகள் பொதுவாக முப்பது ஆண்டுப் பதிவுகளிலிருந்து கணக்கிடுகின்றன. இப்போது பரவலாக எடுத்துக்கொள்ளப்படுவது 1991 முதல் 2020 வரையிலான காலம். ஓர் ஊருக்கு அக்டோபர் 10 என்று அட்டவணையில் இருந்தால், ஏறத்தாழப் பாதி ஆண்டுகளில் உறைபனி அதற்கு முன்பே விழுந்திருக்கிறது, மீதி ஆண்டுகளில் அதற்குப் பிறகு விழுந்திருக்கிறது என்பதே அதன் பொருள். புதியவர்கள் பெரும்பாலும் அந்த நாள் வரை பயமில்லை என்று படித்துக்கொள்கிறார்கள். அப்படி நம்பித் தோட்டத்தை நடத்துபவர், இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஏமாறத்தான் வேண்டும்.

நல்ல அட்டவணைகள் ஒரே நாளைத் தராமல், 10 விழுக்காடு, 50 விழுக்காடு, 90 விழுக்காடு என்று மூன்று வாய்ப்பு நிலைகளுக்கு மூன்று நாட்களைத் தருகின்றன. 10 விழுக்காட்டு நாள் என்றால், பத்தில் ஓர் ஆண்டில் அதற்கு முன்பே உறைபனி விழுந்துவிடுகிறது என்று பொருள். முதலாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில் பல வாரங்கள் இருக்கலாம். விதைப்பைத் திட்டமிடும்போது நடு நாளை எடுத்துக்கொள்வது போதும், ஏனென்றால் ஒரு பாத்தி கீரை போனால் பெரிய இழப்பில்லை. குளிர்காலம் முழுவதற்குமான பூசணியோ சர்க்கரைவள்ளியோ நிலத்தில் இருக்கும்போது மட்டும் 10 விழுக்காட்டு நாளிலிருந்தே வானத்தைக் கவனிக்கத் தொடங்குவது நல்லது. அட்டவணையில் உள்ள நாள், அளவுக்கருவி இருக்கும் இடத்தின் நாள் என்பதையும் மறக்கக் கூடாது. உங்கள் தோட்டம் அதைவிடத் தாழ்ந்த பள்ளத்தில் இருந்தால் உறைபனி சில வாரங்கள் முன்னதாகவே வந்துவிடலாம். மிகக் குறைந்த வெப்பநிலையைப் பதிவுசெய்து வைக்கும் எளிய வெப்பமானி ஒன்றைப் பயிரின் உயரத்தில் வைத்து, ஆண்டுதோறும் அது காட்டுவதைக் குறித்துவந்தால், நாளடைவில் எந்த அட்டவணையையும்விட அந்தக் குறிப்பேடு நம்பகமானதாகிவிடும்.

தெளிந்த வானமும் அசையாத காற்றும்

முதல் உறைபனி பெரும்பாலும் வடக்கிலிருந்து வீசும் பனிக்காற்றால் வருவதில்லை. நிலம் தன் வெப்பத்தைத் தானே இழப்பதால் வருகிறது. பகலில் வெயிலை உள்வாங்கிய மண்ணும் இலைகளும், பொழுது சாய்ந்ததும் அந்த வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத கதிர்களாக வானத்தை நோக்கி வெளியிடத் தொடங்குகின்றன. மேகம் இருந்தால் அதில் ஒரு பங்கு தரைக்கே திரும்பி வரும். மேகம் இல்லையென்றால் விண்வெளிக்குப் போய்விடும். காற்று வீசினால் மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்று கீழே இறங்கிக் கலக்கும். அசைவே இல்லையென்றால் தரையை ஒட்டிய குளிர்ந்த காற்று அங்கேயே தேங்கிவிடும். ஆகவே, விண்மீன்கள் தெளிவாகத் தெரியும், இலை அசையாத, காற்றில் ஈரம் குறைந்த இரவுதான் அஞ்ச வேண்டிய இரவு. மிகக் குறைந்த வெப்பநிலை நள்ளிரவில் வருவதில்லை; விடியலை ஒட்டி, சூரியன் எழும் நேரத்தில்தான் வருகிறது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. வானிலை அறிக்கையில் சொல்லப்படும் வெப்பநிலை, தரைக்கு மேல் சுமார் ஒன்றேகாலிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில், நிழலான கூண்டுக்குள் அளக்கப்படுகிறது. தெளிந்த அமைதியான இரவில் தரையை ஒட்டிய இலையின் மேற்பரப்பு அதைவிடப் பல டிகிரி குளிர்ந்திருக்கும். அறிக்கை 3 டிகிரி செல்சியஸ் என்று சொன்ன இரவுக்கு மறுநாள் காலையில் புல்லெல்லாம் வெளுத்துக் கிடப்பதற்கு இதுவே காரணம். அறிவிப்பில் 4 டிகிரி அல்லது அதற்குக் கீழே என்று வந்து, வானமும் தெளிவாக இருந்தால், மென்மையான பயிர்களுக்கு ஆபத்து என்றே கொள்ள வேண்டும்.

குளிர்ந்த காற்று எடை கூடியது; சரிவில் மெல்லக் கீழே இறங்கி, பள்ளத்தில் தேங்கும். இறங்கும் வழியில் அடர்ந்த வேலியோ திண்மையான சுவரோ குறுக்கே நின்றால், அதன் மேட்டுப் பக்கத்தில் தேங்கி நிற்கும். இதனால் ஒரே பண்ணையில் கீழ்க்கோடிப் பாத்தியில் பீன்ஸ் கருகியிருக்க, சரிவின் நடுவில் உள்ள பீன்ஸ் நன்றாக இருப்பதைப் பார்க்கலாம். வெயில் படும் பக்கத்துக் கல்சுவர், வீட்டின் ஓரம், பெரிய குளத்தின் கரை ஆகியவை பகல் வெப்பத்தைத் தேக்கி வைத்து இரவில் வெளிவிடுவதால், அங்கே சில நாட்களோ வாரங்களோ கூடுதலாகக் கிடைக்கும்.

காற்றின் ஈரமும் ஒரு காவல்தான். காற்று குளிர்ந்துகொண்டே வரும்போது, அதிலுள்ள நீராவி துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலையைப் பனிநிலை என்பார்கள். பல வானிலைச் செயலிகளில் இதுவும் காட்டப்படுகிறது. ஒரு கிலோ நீராவி துளியாக மாறும்போது சுமார் 2,500 கிலோஜூல் வெப்பம் வெளியாகிறது. அது மேற்கொண்டு குளிர்வதைத் தடுத்து நிறுத்தப் பார்க்கும். எனவே மாலையில் பனிநிலை 7 அல்லது 8 டிகிரியில் இருந்தால் இரவில் பனித்துளி மட்டும் இறங்கி, உறைபனி விழாமலே போக வாய்ப்பு அதிகம். பனிநிலை சுழியத்துக்கு அருகிலோ அதற்குக் கீழோ இருந்தால் அந்தத் தடை இல்லை. அப்போது வெப்பநிலை வேகமாக இறங்கும். துளி உருவாவதற்குப் பதில், நீராவி நேராகவே பனிப்படிகமாக இலைமேல் படியும். காற்று மிகமிக வறண்டிருந்தால் வெள்ளைப் படிகம்கூடத் தோன்றாமல் செடி உள்ளே உறைந்து கருகிவிடும். காலையில் வெளுப்பே தெரியாததால் தப்பித்துவிட்டோம் என்று நினைத்தவர், மதியம் கருத்துத் தொங்கும் இலைகளைப் பார்த்துத் திகைப்பது இப்படித்தான்.

குளிர்ந்த காற்றுத்தொகுதி ஒன்று பெருங்காற்றோடு வந்து இறங்கும் உறைபனி வேறு வகை. அதில் மேடு பள்ளம் என்ற வேறுபாடு இல்லை. செடிகளின்மேல் விரிக்கும் மூடுதுணியும் அவ்வளவாக உதவாது. பொதுவாக அது பருவத்தின் பிற்பகுதியில்தான் வரும் என்பது ஓர் ஆறுதல்.

செடிக்குள் நடப்பது

இலைக்குள் இருக்கும் நீர் உறைவதால் செல்கள் வெடித்துவிடுகின்றன என்று பலர் விளக்குவார்கள். நடப்பது பெரும்பாலும் அதுவன்று. பனிக்கட்டி முதலில் செல்களுக்கு வெளியே, அவற்றின் இடைவெளிகளில்தான் உருவாகிறது. அந்தப் பனிக்கட்டி செல்களுக்குள் இருக்கும் நீரைச் சிறிது சிறிதாக வெளியே இழுத்துக்கொள்கிறது. செல் வற்றிச் சுருங்குகிறது. அதன் மென்படலம் சிதைகிறது. வெயில் ஏறிப் பனி உருகும்போது, சிதைந்த படலத்தால் நீரைத் திரும்பப் பிடித்து வைத்துக்கொள்ள முடிவதில்லை. காலை எட்டு மணிக்கு ஒரு தக்காளி இலையைக் கையில் எடுத்துப் பார்த்தால் இது தெரியும். விறைத்து, மேலே மாவு தூவியதுபோல் வெளுத்திருக்கும் இலை, உருகத் தொடங்கியதும் எண்ணெய் தடவிய தாளைப்போல் கரும்பச்சையாகி, ஒளி ஊடுருவும்படி ஈரமாகத் தெரியும். மதியத்துக்குள் துவண்டு விழும். இரண்டொரு நாளில் கருத்துக் காய்ந்துவிடும்.

முட்டைக்கோஸ் இனப் பயிர்களுக்கும் கேரட் போன்றவற்றுக்கும் இதே குளிர் வேறாக அமைகிறது. நாட்கள் குறுகி, இரவுகள் படிப்படியாகக் குளிரும்போது, அவை மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிச் செல்களுக்குள் சேர்த்துக்கொள்கின்றன. சர்க்கரை கரைந்த நீர் எளிதில் உறையாது, எளிதில் வெளியேறவும் செய்யாது. உறைபனிக்குப் பிறகு பறித்த கேல் கீரை, கேரட் ஆகியவை இனிப்பது இதனால்தான். ஆனால் இந்தப் பக்குவம் வர நாட்கள் பிடிக்கும். வெதுவெதுப்பான செப்டம்பருக்கு நடுவே திடீரென்று ஒரு கடுங்குளிர் இரவு வந்தால், நவம்பரில் அதைவிடக் கடுமையானதைத் தாங்கக்கூடிய செடிகூட அடிபடும்.

பயிர்களை இந்தக் கண்ணோடு மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம். தக்காளி, மிளகாய், கத்தரி, பீன்ஸ், வெள்ளரி, பூசணி, மக்காச்சோளம், சர்க்கரைவள்ளி ஆகியவை சுழியத்தைத் தொட்டாலே போய்விடும். இவற்றிலும் திருநீற்றுப் பச்சிலை போன்றவை உறைபனி வரை காத்திருப்பதில்லை. 5 டிகிரிக்குக் கீழேயே இலை கருத்துவிடும். கேரட், பீட்ரூட், லெட்டூஸ், காலிஃபிளவர் ஆகியவை சுழியத்துக்குக் கீழே ஓரிரு டிகிரி வரை லேசான உறைபனியைப் பொறுத்துக்கொள்ளும். கேல், முட்டைக்கோஸ், பாலக், லீக்ஸ், பூண்டு முதலியவை பக்குவப்பட்ட பின் அதையும் தாண்டி நிற்கும். முதல் உறைபனி என்று நாம் அஞ்சுவது உண்மையில் முதல் வகைக்கு மட்டுமே முடிவு. மற்ற இரண்டு வகைகளையும் போதிய அளவு விதைத்து வைத்தவருக்கு அந்த இரவில் பாதித் தோட்டத்தைப் பற்றிக் கவலையே இருக்காது.

பின்னோக்கி எண்ணுதல்

கோடை முடிவு விதைப்பில் தவறு நேர்வது கணக்கில்தான். விதைப்பொட்டலத்தில் 45 நாள் என்று அச்சிட்டிருப்பது, பகல் நீண்டுகொண்டே போகும் வசந்தகாலத்துக்குப் பொருந்தும் கணக்கு. ஆகஸ்டுக்குப் பிறகு பகலும் வெப்பமும் நாளுக்கு நாள் குறைவதால், செடி அதே வளர்ச்சியை எட்ட ஏறத்தாழ இரண்டு வாரம் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். ஆகவே அந்த இரண்டு வாரத்தைச் சேர்த்தே பின்னோக்கி எண்ண வேண்டும். முதல் உறைபனி அக்டோபர் 10 என்று கொண்டால், 45 நாள் பாலக் கீரைக்கு 14 நாளைக் கூட்டி, 59 நாள் பின்னே போனால் ஆகஸ்ட் 12 வருகிறது. பாலக் உறைபனியைத் தாங்குமென்பதால் ஒரு வாரம் தள்ளிப்போனாலும் கெட்டுவிடாது. 55 நாள் குத்துப் பீன்ஸுக்கு இந்தச் சலுகை கிடையாது. அது முதல் உறைபனியிலேயே முடிந்துவிடும் பயிர். காய் பறிக்க மேலும் இரண்டு வாரமாவது வேண்டும். 55, 14, 14 என்று மூன்றையும் கூட்டி 83 நாள் பின்னே எண்ணினால் ஜூலை 19. ஆகஸ்ட் நடுவில் பீன்ஸ் விதைப்பவர், இலையைப் பார்ப்பார். காயைப் பார்ப்பது வானத்தின் கருணையைப் பொறுத்தது.

முள்ளங்கி நான்கு வாரப் பயிர் என்பதால் செப்டம்பர் தொடக்கம் வரை விதைக்கலாம். குளிர்காலத்திலும் நிலத்திலேயே நிறுத்திப் பறிக்க நினைக்கும் கீரைகளுக்கு இன்னொரு எல்லையும் உண்டு: பகல் பத்து மணி நேரத்துக்குக் கீழே போனதும் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். 40 டிகிரி அட்சரேகையில் இது நவம்பர் நடுவில் வருகிறது. 50 டிகிரியில் அக்டோபர் கடைசியிலேயே வந்துவிடுகிறது. அதற்குள் செடி பறிக்கும் அளவை எட்டிவிட வேண்டும். எட்டிவிட்டால், மூடுதுணிக்குக் கீழே அப்படியே நின்று வேண்டும்போது கைகொடுக்கும்.

விதைக்கும் வாரத்தில் தொல்லை தருவது குளிரன்று, வெயில்தான். லெட்டூஸ், பாலக் விதைகள் மண் 27 டிகிரியைத் தாண்டிச் சூடாக இருந்தால் சரியாக முளைப்பதில்லை. மாலையில் விதைத்து, நன்றாக நீர் தெளித்து, முளை தெரியும் வரை நிழல்வலையோ பலகையோ கொண்டு மண்ணைக் குளிர்ச்சியாக வைத்திருப்பது எளிய வழி. உயரமாக வளர்ந்து நிற்கும் மக்காச்சோளத்தின் நிழலில் விதைப்பதும் உண்டு. மக்காச்சோளம் அறுவடையாகும் நேரத்தில் கீரைக்கு வெயில் வேண்டியிருக்கும், அதுவும் கிடைத்துவிடும்.

விதைப்போடு சேர்த்து நிறுத்த வேண்டியவையும் சில உண்டு. தக்காளிப் பூ பழமாக ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். எனவே உறைபனிக்கு நான்கைந்து வாரம் இருக்கும்போது கொடியின் நுனியைக் கிள்ளி, புதிய பூக்களையும் எடுத்துவிட்டால், செடியின் சத்து முழுவதும் ஏற்கெனவே பிடித்திருக்கும் காய்களுக்குப் போகும். பூவைக் கிள்ள மனம் வராதவர்கள் அதிகம். ஆனால் செப்டம்பரில் பூக்கும் பூ எதுவும் பழமாகப் போவதில்லை. பழமரங்களுக்கும் பூச்செடிப் புதர்களுக்கும் தழைச்சத்து உரம் இடுவதையும், கடுமையாகக் கவாத்து செய்வதையும் கோடை நடுவோடு நிறுத்திவிட வேண்டும். இல்லையென்றால் இளந்தளிர் விட்டு, அது முதிர்வதற்குள் உறைபனியில் மாட்டிக்கொள்ளும்.

எதை எப்போது எடுப்பது

தக்காளியை உறைபனி வரும் மாலை வரை செடியிலேயே விடுவது பரவலான பழக்கம். எனக்கு அது சரியாகப் படவில்லை. 10 டிகிரிக்குக் கீழே பல இரவுகள் தொடர்ந்தால், செடியில் இருக்கும் காய் பிறகு எங்கே வைத்தாலும் சுவையோடு பழுக்காது. அப்படிப்பட்ட இரவுகள் வரிசையாக வரத் தொடங்கியதும், உறைபனிக்குச் சில நாட்கள் முன்பாகவே பறித்து உள்ளே கொண்டுவருவது நல்லது.

எல்லாப் பச்சைக் காயும் பழுக்காது. முழு அளவுக்கு வளர்ந்து, தோல் மினுமினுத்து, அடிப்பக்கம் சற்று வெளிறிய காய்களே பழுக்கும். சந்தேகமிருந்தால் ஒரு காயை மட்டும் குறுக்கே அறுத்துப் பார்க்கலாம். உள்ளே விதையைச் சுற்றிக் கூழ் உருவாகி, கத்தி பட்டதும் விதைகள் வெட்டுப்படாமல் நழுவி ஒதுங்கினால், அதே போன்ற மற்ற காய்களும் பழுக்கும். விதைகள் வெள்ளையாகக் கத்தியோடு சேர்ந்து அறுபட்டால் அவை ஊறுகாய்க்கோ சமையலுக்கோதான் ஆகும். பழுக்க வெளிச்சம் தேவையில்லை. 18 முதல் 21 டிகிரி வெப்பமே தேவை. ஜன்னல் ஓரத்து வெயிலில் அடுக்கி வைப்பதைவிட, ஒன்றையொன்று தொடாதபடி தட்டில் பரப்பி, வாரம் இருமுறை பார்த்து அழுகியதை அகற்றுவது மேல். ஒரு பழுத்த வாழைப்பழத்தைப் பக்கத்தில் வைத்தால், அதிலிருந்து வரும் எத்திலீன் வாயு பழுப்பதை விரைவுபடுத்தும். குளிர்பெட்டியில் வைத்தால் பழுப்பது நின்றுவிடும்.

சேமிப்புப் பூசணியின் முதிர்ச்சியை நகம் சொல்லிவிடும்: அழுத்தினால் தோலில் பள்ளம் விழக் கூடாது, காம்பு கட்டை போல் உலர்ந்திருக்க வேண்டும். ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல் காம்பு விட்டு அறுத்து, 25 முதல் 30 டிகிரி வெப்பமுள்ள, காற்றோட்டமான இடத்தில் பத்து நாள் போல் ஆறப்போட்டால் தோல் கெட்டிப்படும். அதன் பிறகு 10 முதல் 13 டிகிரியில் வைத்தால் பல வகைகள் மாதக்கணக்கில் இருக்கும். காம்பைப் பிடித்துத் தூக்குவது கூடாது. காம்பு ஒடிந்த பூசணி முதலில் அழுகும். லேசான உறைபனி கொடியைக் கருக்கினாலும் காயைக் கெடுக்காது என்று சிலர் விட்டுவிடுவார்கள். சாப்பிடுவதற்கு அது கெடுவதில்லை, சேமிப்பதற்குத்தான் கெடும்.

சர்க்கரைவள்ளி மண்ணுக்குள் இருப்பதால் பத்திரம் என்று நினைப்பதும் தவறு. கொடி உறைபனியில் கருகினால், அழுகல் கிழங்கை நோக்கி இறங்கும். அன்றே கொடியை வெட்டி எறிந்துவிட்டு, தாமதமின்றித் தோண்ட வேண்டும். மாறாக, உருளைக்கிழங்கைத் தழை காய்ந்த பின் இரண்டு வாரம் மண்ணில் விட்டால்தான் தோல் இறுகும். விதைக்காக விட்ட பீன்ஸ் நெற்று இன்னும் பச்சை ஈரத்தோடு இருந்தால், செடியை வேரோடு பிடுங்கிக் கூரைக்குக் கீழே தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். ஈரமுள்ள விதை உறைந்தால் முளைப்புத்திறனை இழந்துவிடும், நன்றாக உலர்ந்த விதைக்கு அந்த ஆபத்து இல்லை. கேரட்டையும் லீக்ஸையும் பற்றி இப்போதைக்கு நினைக்க வேண்டியதே இல்லை.

அந்த மாலை

அறிவிப்பு வந்த நாளின் பிற்பகலில் முதல் வேலை, மண்ணை நனைப்பது. ஈரமான மண் உலர்ந்த மண்ணைவிட அதிக வெப்பத்தைத் தேக்கி, இரவில் மெதுவாக வெளியிடும். வைக்கோல் மூடாக்கு இந்த இடத்தில் எதிராக வேலை செய்கிறது: மண்ணின் வெப்பம் மேலே வராமல் அது தடுப்பதால், மூடாக்கிட்ட பாத்தியில் செடியின் தலைப்பக்கம் வெற்று மண்ணில் நிற்பதைவிடக் குளிர்ந்துவிடும். காக்க விரும்பும் மென்மையான செடிகளைச் சுற்றி வைக்கோலை அன்று மட்டும் ஒதுக்கிவிடலாம். கேரட் போன்ற கிழங்குகளை மண் உறையாமல் காப்பதற்குத்தான் தடித்த மூடாக்கு. அதன் காலம் பிறகு வரும்.

மூடுதுணியின் வேலை குளிரை வெளியே நிறுத்துவதைவிட, மண்ணிலிருந்து எழும் வெப்பத்தை உள்ளே பிடித்து வைப்பதுதான். இது புரிந்துவிட்டால் எப்படி மூடுவது என்பது தானாகவே விளங்கும். துணி எல்லாப் பக்கமும் தரை வரை இறங்கி, ஓரங்களில் கல்லோ மண்ணோ ஏற்றப்பட்டிருக்க வேண்டும். செடியின் தலையை மட்டும் மூடித் தண்டோடு சேர்த்துக் கட்டினால், மண்ணின் வெப்பம் துணிக்கு வெளியே போய்விடும். சூரியன் மறைவதற்கு முன்பே மூடிவிட வேண்டும். இருட்டிய பிறகு மூடினால் பாதி வெப்பம் போயிருக்கும். பழைய விரிப்பும் சேலையும் போதும். தோட்டத்துக்கென்றே விற்கும் மெல்லிய, நெய்யப்படாத செயற்கைத் துணியாக இருந்தால் தடிமனைப் பொறுத்து ஒன்றிலிருந்து மூன்று டிகிரி வரை காக்கும். பிளாஸ்டிக் தாளைப் பயன்படுத்துவதானால் இலையில் படாதபடி வளைவுக் கம்பிகளின்மேல் விரிக்க வேண்டும். தொடும் இடத்தில் எல்லாம் இலை உறையும். காலையில் வெப்பநிலை ஏறியதும் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வெயிலில் செடி வெந்துவிடும்.

இரவு முழுவதும் நீர் தெளித்துப் பயிரைக் காப்பதைப் பற்றியும் கேள்விப்பட்டிருக்கலாம். நீர் உறையும்போது ஒரு கிலோவுக்கு 334 கிலோஜூல் வெப்பம் வெளியாகி இலையைச் சுழியத்திலேயே நிறுத்துகிறது என்பது உண்மை. பெரிய பழத்தோட்டங்களில் இது நடைமுறையில் இருக்கிறது. ஆனால் பனி முழுதும் உருகும் வரை ஒரு நொடியும் நிற்காமல் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். இடையில் நின்றால் ஈரம் ஆவியாகி, தெளிக்காமலே விட்டிருந்ததைவிட அதிகக் குளிர்ச்சியை உண்டாக்கும். வீட்டுத் தோட்டத்துக்கு இது வேண்டாத வேலை.

எல்லாவற்றையும் மூட முயல்வதும் வேண்டாத வேலைதான். முதல் உறைபனிக்குப் பிறகு சில வாரங்கள் மீண்டும் இதமாக இருப்பது பல இடங்களில் வழக்கம். ஆகவே இன்னும் பயன் தரக்கூடிய மிளகாய்ப் பாத்தியையும் காய் முதிர்ந்துகொண்டிருக்கும் தக்காளியையும் ஓரிரு இரவு காப்பாற்றினால் பலன் உண்டு. நோய் விழுந்து களைத்துப்போன வெள்ளரிக்கொடிக்குத் துணி எடுத்துக்கொண்டு ஓடுவதில் பொருளில்லை.

விடிந்தபின்

உறைந்த இலைகளைத் தொடக் கூடாது, அறுவடையும் வேண்டாம். விறைத்த கேல் இலை தொட்டால் ஒடியும். வெயில் ஏறித் தானாக உருகிய பின் அது பழைய நிலைக்குத் திரும்பிவிடும். எந்தச் செடி போயிற்று, எது பிழைத்தது என்று காலையிலேயே முடிவு கட்டாமல் ஒரு நாள் பொறுப்பது நல்லது. தக்காளியின் மேல்நுனி மட்டும் கருகி, உட்புறம் நன்றாக இருப்பது அடிக்கடி நடக்கும். முழுதும் கருகிய பீன்ஸ் செடிகளைப் பிடுங்காமல் தரையோடு வெட்டி, வேரை மண்ணிலேயே விட்டுவிடலாம். வேர் அங்கேயே மக்கி மண்ணுக்குச் சத்தாகும். நோய் பிடித்த தக்காளிச் செடியை மட்டும் உரக்குழியில் சேர்க்கக் கூடாது.

கால்நடை வைத்திருப்பவர்கள் அன்று காலை ஒன்றை மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும். சோளமும் (மக்காச்சோளம் அன்று) அதன் இனத் தீவனப் பயிரான சூடான் புல்லும் உறைபனியில் அடிபட்டால், சிதைந்த செல்களிலிருந்து ஹைட்ரஜன் சயனைடு என்னும் கொடிய நஞ்சு வெளிப்படும். சிறிது மேய்ந்தாலும் மாடும் ஆடும் சில நிமிடங்களில் இறக்கக்கூடும். தழை முழுதும் காய்ந்து, ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை கழியும் வரை அந்த நிலத்தில் கால்நடையை விடக் கூடாது. உறைபனிக்குப் பின் அடியிலிருந்து புதிய தளிர் வெடித்திருந்தால் ஆபத்து இன்னும் அதிகம், ஏனென்றால் நஞ்சு இளந்தளிரில்தான் செறிந்திருக்கும்.

காலியான பாத்திகளைக் குளிர்காலம் முழுவதும் வெறுமனே விட்டால் மழையும் காற்றும் மேல்மண்ணைக் கொண்டுபோகும். கோதுமை போன்ற தானியப் பயிரான ரை குளிர்ந்த மண்ணிலும் முளைக்கும் என்பதால் உறைபனிக்குப் பிறகும் விதைக்கலாம். ஓட்ஸை அதற்குச் சில வாரங்கள் முன்பே விதைத்திருக்க வேண்டும். கடுங்குளிரில் அது தானே மடிந்து மண்ணுக்கு மூடாக்காகிவிடுவதால், வசந்தத்தில் உழுது மடக்கும் வேலை மிச்சம். பூண்டு நடவுக்கும் இதுவே பருவம். மண் கெட்டியாக உறைவதற்கு நான்கிலிருந்து ஆறு வாரங்கள் முன்பு, பற்களைப் பிரித்து, கூர்முனை மேலே இருக்கும்படி ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றினால், குளிருக்கு முன் வேர் பிடித்துக்கொள்ளும்; நீண்ட குளிரைக் கண்டால்தான் அடுத்த கோடையில் அது தனித்தனிப் பற்களாகப் பிரிந்து குண்டாகும்.

தோட்டத்து நீர்க்குழாய்களும் மீதியிருக்கின்றன. நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடும். அடைபட்ட குழாயிலோ தெளிப்பானின் கைப்பிடியிலோ சிறிது நீர் நின்றாலும் அது வெடித்துவிடும். முதல் லேசான உறைபனியில் மண்ணுக்குள் இருக்கும் குழாய்க்கு ஒன்றும் ஆகாது, ஆனால் தரைமேல் கிடக்கும் ரப்பர் குழாயைக் கழற்றி, ஒரு முனையைத் தூக்கிப் பிடித்து நீர் முழுவதையும் வடியவிட்டுச் சுருட்டி உள்ளே வைத்துவிட வேண்டும். குளிர் தொடர்ந்து நிலைக்கும் முன் வெளிக்குழாயின் மூல அடைப்பானை மூடி, வெளித்திறப்பைத் திறந்தே விட்டுவிட வேண்டும்.